தறிக்கூடத்து ஜீப்

‘பழுது பார்த்தல்’ என்னும் தொடரை நாம் நாள்தோறும் வழங்குகிறோம். பழுது என்பது சிதைவு, குற்றம். அதனை நீக்குதல் என்னாது, பார்த்தல் என்று கூறும் வழக்கில் ஒரு நுட்பம் உளது. ஒரு பொருளில் எது கெட்டது, எது கெடாமல் நிற்கிறது என்று பார்க்கத் தெரிந்தவனே அதனைத் திருத்த வல்லவன் ஆவான். பார்க்கத் தெரியாதவன் கெட்டதோடு நல்லதையும் சேர்த்து எறிந்துவிடுவான். இவ்வுண்மையை யான் இளமையில் என் ஆசிரியர்பால் சுவடி பயின்றபொழுது கேட்டறிந்தேன். அறுபது ஆண்டு கடந்தபின், எங்கள் ஊராகிய பல்லடத்தில், ஒரு பழைய ஜீப் வண்டியின் அருகில் நின்று கண்டறிந்தேன்.

பல்லடம், கோவையிலிருந்து திருச்சிக்குச் செல்லும் நெடுஞ்சாலையில் அமைந்த ஊர். 2009ஆம் ஆண்டில் திருப்பூர் மாவட்டம் தோன்றும்வரை அது கோவை மாவட்டத்தைச் சேர்ந்திருந்தது. வடக்கே உள்ள திருப்பூர் பின்னலாடைக்குப் பெயர் பெற்றது. பல்லடத்தையும் அதனைச் சூழ்ந்த சிற்றூர்களையும் வாழ்விப்பவை விசைத்தறியும் கோழிப்பண்ணையும் ஆகும். இவ்வூர்த் தெருக்களில் வளர்ந்தவர்க்குத் தறியோசை தாலாட்டுப் போன்றது. அவ்வோசை நின்றால்தான் அவர்தம் உறக்கம் கலையும்.

என் இளவல் 12 விசைத்தறிகள் வைத்துத் தொழில் நடத்தினான். 1988ஆம் ஆண்டில் அவன் அரசு ஏலத்தில் ஒரு பழைய ஜீப்பை வாங்கினான். நூல் மூட்டைகளையும் நெய்த துணியையும் சுமந்து, அவ்வண்டி இருபது ஆண்டுகள் உழைத்தது. பின்னர் ஓட்டம் நின்று, தறிக்கூடத்தின் பின்புறத்து வேப்பமரத்தடியில் தங்கிவிட்டது. இளவலும் மறைந்தான். அவன் மகன் தறிகளை ஏற்று நடத்தினான். செலவு ஏற ஏற, நெசவுக்கூலி அதற்கு ஈடாக ஏறவில்லை. சில ஆண்டுகளுக்குமுன் அவன் தறிகளை விற்கத் துணிந்தான். அவற்றைத் தறியாக வாங்குவார் இலர். இரும்பாக எடைபோட்டு வாங்கும் வணிகரே வந்தார். 12 தறிகளும் ஒரே நாளில் லாரியேறின. அவ்வணிகர் வெளியே வந்து, மரத்தடியில் நின்ற ஜீப்பைச் சுட்டி, “இதனையும் எடை போட்டுவிடலாமா?” என்று வினவினார்.

என் தம்பி மகன் சிறிது நேரம் வாளா நின்றான். பின்பு, “அது இருக்கட்டும்” என்றான். அவ்விரண்டு சொற்களிலிருந்து தொடங்கியதே இவ்வரலாறு.

அவ்வண்டியின் குலமுறையை அறிந்தால், அதனை எடைக்குப் போடாமல் நிறுத்தியதன் அருமை விளங்கும். இரண்டாம் உலகப்போர் நிகழ்ந்த 1940ஆம் ஆண்டில், காடு மேடுகளில் ஏறி இறங்கவல்ல சிறு வண்டி ஒன்று வேண்டும் என்று அமெரிக்கப் படைத்துறை அறிவித்தது. பேன்டம் என்னும் சிறிய நிறுவனம் முதல் மாதிரியைச் செய்து தந்தது. பின்னர் வில்லிஸ், போர்டு என்னும் இரு பெரு நிறுவனங்கள், போர் முடிவதற்குள் ஆறு லட்சத்திற்கு மேற்பட்ட வண்டிகளைச் செய்து குவித்தன. போர்க்களத்தில் ஓடிய வண்டி, போர் ஓய்ந்தபின் வயற்காட்டுக்கும் மலைத்தோட்டத்துக்கும் வந்து சேர்ந்தது.

நம் நாட்டில் 1945ஆம் ஆண்டில் எஃகு வணிகத்திற்காகத் தொடங்கப்பெற்று, 1948இல் மகிந்திரா அண்டு மகிந்திரா என்று பெயர் மாறிய நிறுவனமே ஜீப்பைக் கொணர்ந்தது. கடல் கடந்து வந்த உறுப்புகளைப் பம்பாயில் பூட்டி முதலில் விற்றது. பிறகு அவ்வுறுப்புகளையும் படிப்படியாக இந்நாட்டிலேயே செய்தது. 1953ஆம் ஆண்டில் வில்லிஸ் நிறுவனம் வெளியிட்ட சி.ஜே.3பி என்னும் வகை, அது பிறந்த நாட்டில் மறைந்த பின்னும் நம் நாட்டில் நெடுங்காலம் செய்யப்பெற்றது. எங்கள் வண்டி அவ்வகையினது, 1968ஆம் ஆண்டினது. அப்பொழுது நம் மாநிலத்தின் பெயர் சென்னை மாநிலம். தமிழ்நாடு என்னும் பெயர் 1969 சனவரியில்தான் நடைமுறைக்கு வந்தது. ஆதலின், எங்கள் ஜீப் தமிழ்நாட்டினும் ஓராண்டு மூத்தது என்று யான் வேடிக்கையாகக் கூறுவதுண்டு.

இவ்வகை வண்டியை அதன் உயர்ந்த முகப்பால் அடையாளம் காணலாம். அவ்வுயரம் அழகுக்காக அமைந்ததன்று. முன்னைய எஞ்சினில், எரிபொருளும் காற்றும் உட்புகும் வால்வும், புகை வெளியேறும் வால்வும் சிலிண்டருக்குப் பக்கத்திலேயே அமைந்திருந்தன. புதிய எஞ்சினிலோ உட்புகு வால்வுகள் சிலிண்டருக்கு மேலே ஏறின; புகைபோகு வால்வுகள் பழைய இடத்திலேயே நின்றன. அதனால் ஆற்றல் மிகுந்தது. எஞ்சினின் உயரமும் மிகுந்தது. உயர்ந்த எஞ்சினை மூட உயர்ந்த மூடி வேண்டுமன்றோ? வடிவம் தொழிலைப் பின்பற்றியது.

தறிகள் போனபின் வெறுமையாய்க் கிடந்த கூடத்துக்குள் நால்வர் கூடி ஜீப்பைத் தள்ளிச் சென்றோம். தறிகள் நின்ற இடங்கள் தரையில் எண்ணெய்க் கறையாகத் தெரிந்தன. அக்கறைகளின் நடுவே வண்டி நின்றது. பழுது பார்க்கும் பொறுப்பை ஏற்றவர், நாற்பது ஆண்டுகள் இவ்வூர்த் தறிகளைப் பழுது பார்த்து வந்த முதியவர் ஒருவர். தறிகள் குறையக் குறைய அவருக்கு வேலையும் குறைந்தது. மாலையில் சாவடித் திண்ணையில் வாளா அமர்ந்திருந்த அவரை, என் தம்பி மகன் சென்று அழைத்து வந்தான். அவர் வண்டியை மூன்று முறை வலம் வந்தார். சக்கரங்களை உதைத்துப் பார்த்தார். எஞ்சின் மூடியைத் திறந்து நெடுநேரம் நோக்கினார். பின்னர், “இது பேசாமல் இருக்கிறது, செத்துப்போகவில்லை, ஐயா” என்றார்.

அவர் முதலில் தொட்டது எஞ்சினை அன்று, பிரேக்கை. “ஓடுவதற்குமுன் நிற்கத் தெரிய வேண்டும், தம்பி” என்று அவர் கூறிய சொல், வண்டிக்கு மட்டும் உரியதாக எனக்குத் தோன்றவில்லை.

எனக்கு ஸ்பேனர் பிடிக்கத் தெரியாது. ஆயினும் எழுதத் தெரியும். ஆகவே, கழற்றப்பெறும் ஒவ்வோர் உறுப்புக்கும் எண்ணிட்டு, அஃது எங்கிருந்து வந்தது, எதனோடு பொருந்தும், எந்நிலையில் உள்ளது என்று ஏட்டில் பதிந்துவைக்கும் பணியை யான் ஏற்றேன். திருப்பூரிலிருந்து வரும் பனியன் கழிவுத் துணியைத் தொழிற்கூடங்களில் எந்திரம் துடைக்கப் பயன்படுத்துவர். அத்துணியைச் சிறு சிறு துண்டுகளாக வெட்டி, எண்ணெழுதி, தறியில் மிஞ்சிய நூலால் ஒவ்வோர் உறுப்பிலும் கட்டினோம். 412 துண்டுகள் ஆயின. தேருறுப்புகளுக்குப் பண்டை இலக்கியத்தில் வழங்கும் பெயர்களையே கூடியவரை எழுதினேன். சக்கரத்தின் நடுவிலுள்ள குடத்துக்குக் ‘குறடு’ என்று எழுதியிருந்தேன். பெரியவர் அதனைப் படித்துவிட்டு, ஆணி பிடுங்கும் குறட்டைத் தேடிக் கருவிப் பெட்டியைக் கிளறலானார். ஒரு சொல்லுக்கு இரு பொருள் உண்டென்று கூறியவுடன் அவர் நகைத்து, “அப்படியானால் ‘ஹப்’ என்றும் பக்கத்தில் எழுதிவிடுங்கள், ஐயா” என்றார். அவ்வாறே எழுதினேன்.

வண்டியின் அடித்தளத் தகடு துருவேறி மண்போல் உதிர்ந்தது. அதனை வெட்டியெறிந்து புதுத் தகடு வைத்துப் பற்றவைத்தனர். ஆனால், அதனைத் தாங்கும் சட்டம் உறுதியாய் இருந்தது. நான்கு வில் அடுக்குகளிலும் ஒன்றே முறிந்திருந்தது. கிளட்ச் மிதிகட்டையின் வெண்கலப் புஷ் தேய்ந்து போயிருந்தது. அதனைக் கடையில் தேடாமல், தறியுறுப்புகள் கடையும் லேத் பட்டறை ஒன்றுக்கு எடுத்துச் சென்றோம். பட்டறைக்காரர் அளவு பார்த்தார். ஒரு மணி நேரத்தில் கடைந்து தந்தார். தறிக்குப் பழகிய கை வண்டிக்கும் உதவியது. எங்கள் வட்டாரத்தில் இவ்வறிவு நேற்று வந்ததன்று. கோவையை அடுத்த கலங்கலில் 1893இல் பிறந்த ஜி.டி. நாயுடு, இளமையில் ஒரு மோட்டார் சைக்கிளைப் பிரித்துப் பூட்டியே எந்திர அறிவு பெற்றார் என்பர். 1920இல் பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே ஒரு பேருந்தை ஓட்டித் தொடங்கிய அவர், பின்னர்ப் பெருந்தொழில் மேதையாய் விளங்கினார். அவர் பெயரால் அமைந்த அறநிலையத்தார் கோவை அவிநாசி சாலையில் நடத்தும் பழைய கார்களின் காட்சிச்சாலைக்குப் பெரியவரையும் அழைத்துச் சென்றோம். அங்கே ஒவ்வொரு வண்டியின் முன்னும் அவர் கைகட்டி நின்ற நிலை, திருக்கோயிலில் நிற்பார் நிலையை ஒத்திருந்தது.

எல்லாவற்றினும் கடிய வினா எஞ்சினைப் பற்றியது. நெடுநாள் ஓடாமையால் பிஸ்டன்கள் சிலிண்டர்களைத் துருவோடு பற்றிக்கொண்டன. அதனைக் கண்ட நகரத்து மெக்கானிக் ஒருவர், பெட்ரோல் எஞ்சினை எறிந்துவிட்டு டீசல் எஞ்சினைப் பூட்டுமாறு கூறினார். அவர் கூற்றில் காரணம் இல்லாமல் இல்லை. பெட்ரோல் செலவு மிகுதி. பழைய ஜீப் உடையார் பலர் அவ்வாறே டீசலுக்கு மாற்றிக்கொண்டனர். டீசல் எஞ்சின் பூட்டினால், வண்டியைத் தொழிலுக்குப் பயன்படுத்திச் சிறிது பொருள் ஈட்டலாம் என்று என் தம்பி மகன் எண்ணினான். தறியை இழந்தவனுக்கு அவ்வெண்ணம் தோன்றுதல் இயல்பேயாம்.

அந்நாளில் அவன் வேறொன்றும் அறிந்து வந்தான். நடுவண் அரசு 2021ஆம் ஆண்டில் மோட்டார் வாகன விதிகளைத் திருத்தி, தொன்மை வாகனங்களுக்கெனத் தனிப் பதிவு முறையை வகுத்துள்ளது. முதற்பதிவு பெற்று 50 ஆண்டு கடந்தனவாய், மூல வடிவில் பேணப்பெற்று, பெருமாற்றம் செய்யப்பெறாதனவாய் உள்ள வண்டிகளுக்கே அப்பதிவு கிடைக்கும். ஆனால், அவ்வாறு பதிவு பெற்ற வண்டியை நாள்தோறும் சாலையில் ஓட்டலாகாது, வணிகத்துக்கும் பயன்படுத்தலாகாது. காட்சிக்கும், ஆராய்ச்சிக்கும், தொன்மை வண்டிகளின் அணிவகுப்புக்கும், எரிபொருள் நிரப்பவும், பழுது பார்க்கவுமே வெளியே எடுக்கலாம். ஆகவே, ஒரு பக்கம் வருவாய். மறு பக்கம் மூல வடிவம். இரண்டையும் ஒருங்கே பெற வழி இல்லை.

“பெரியப்பா, நீங்கள் என்ன சொல்கிறீர்கள்?” என்று அவன் என்னை வினவினான்.

“வண்டி உன் தந்தையினுடையது, கண்ணு. முடிவு உன்னுடையது. எனக்குத் தெரிந்த ஒரு செய்தியை மட்டும் சொல்கிறேன்” என்று கூறி, யான் அறிந்த சுவடிப் பதிப்பு வரலாற்றைச் சொன்னேன். உ.வே. சாமிநாதையர் 1887இல் சீவக சிந்தாமணியையும், 1894இல் புறநானூற்றையும் பதிப்பித்தார். அவர் கையிற் கிடைத்த ஏடுகள் செல்லரித்தவை, முறிந்தவை, எழுத்து மறைந்தவை. புறநானூற்றில் 267, 268ஆம் பாட்டுகள் கிடைக்கவே இல்லை. வேறு சில பாட்டுகளில் அடிகள் சிதைந்துள்ளன. சாமிநாதையரோ செய்யுள் இயற்றவல்ல புலவர். அவர் நினைத்திருந்தால் விடுபட்ட இடங்களைத் தம் சொல்லால் எளிதில் நிரப்பியிருக்கலாம். அவ்வாறு செய்தாரல்லர். பல ஏடுகளை ஒப்புநோக்கி, கிடைத்ததைக் கிடைத்தவாறு காத்தார். கிடைக்காத இடத்தை வெற்றிடமாகவே விட்டார். அதனால்தான் இன்று நாம் படிப்பது பழந்தமிழ்ப் புலவர் பாட்டு என்று நம்மால் துணிந்து கூற முடிகிறது.

அவன் மறுமொழி கூறவில்லை. பெரியவர் ஒன்று சொன்னார்: “எஞ்சின் சுழலுமா சுழலாதா என்று பார்க்காமலே எறிவது முறையன்று. பத்து நாள் எனக்குத் தாருங்கள்.”

ஸ்பார்க் பிளக்குகளைக் கழற்றி, அத்துளைகள் வழியே மண்ணெண்ணெயும் எஞ்சின் எண்ணெயும் கலந்து ஊற்றினார். நாள்தோறும் காலையில் வந்து, எஞ்சின் சுழற்றும் கைப்பிடிக் கம்பியை முன்புறம் செருகி, மெல்ல அசைத்துப் பார்ப்பார். அசையாவிடின் சிறிதும் வலிந்து திருகமாட்டார். மீண்டும் எண்ணெய் ஊற்றிவிட்டுச் செல்வார். எட்டாம் நாள் காலையில் கம்பி ஒரு விரற்கடை நகர்ந்தது. ஒன்பதாம் நாள் அரைச்சுற்றுச் சுற்றியது. பத்தாம் நாள் முழுச்சுற்றுச் சுற்றியது. கூடத்தில் ஒருவரும் பேசவில்லை. என் தம்பி மகன் கம்பியைப் பெரியவர் கையிலிருந்து வாங்கி, தானே ஒருமுறை சுற்றிப் பார்த்தான். “டீசல் எஞ்சின் வேண்டாம்” என்றான். அன்று அவன் வருவாய் ஒன்றை இழந்தான் என்பது எனக்கும் தெரியும், அவனுக்கும் தெரியும்.

பின்னர் எஞ்சினைப் பிரித்துக் கோவைக்கு அனுப்பினோம். துரு அரித்த சிலிண்டர்களைச் சற்று அகலமாகக் கடைந்து, அவ்வளவுக்கேற்ற புதுப் பிஸ்டன்களை இட்டனர். வால்வுகளை அரைத்து, தம் இருக்கையில் காற்றுப் புகாவண்ணம் படியவைத்தனர். இக்காலப் பெட்ரோலில் எத்தனால் 20 விழுக்காடு வரை கலந்து வருகிறது. பழைய வகை ரப்பரை அது கெடுக்கும் ஆதலின், எரிபொருள் செல்லும் குழாய்களையும் பம்பின் ரப்பர்த் தகட்டையும் அதனைத் தாங்கவல்லனவாக மாற்றினோம். பெரிய தேரைத் தாங்கும் சிறிய அச்சாணியைப் பெருமைப்படுத்தியவர் வள்ளுவர். அரை ரூபாய் நாணயத்தளவு உறுப்பொன்று கெட்டால் ஆயிரம் கிலோ எடையுள்ள வண்டி அசையாது என்பதை அக்கூடத்தில் நாள்தோறும் கண்டேன்.

வண்ணம் பூசுவதற்காகப் பழைய பூச்சைத் தேய்த்தபொழுது வியத்தகு நிகழ்ச்சி ஒன்று நேர்ந்தது. மேலே இருந்தது என் இளவல் பூசுவித்த பச்சை. அதன் கீழ்ச் சாம்பல் நிறம். சாம்பலையும் தேய்க்க, பக்கத் தகட்டில் வெள்ளை எழுத்துகள் மங்கலாகத் தோன்றின. ‘ஊராட்சி ஒ’ என்பது தெளிவாகத் தெரிந்தது, எஞ்சியவை அழிந்துபோயின. 1952ஆம் ஆண்டில் சமுதாய வளர்ச்சித் திட்டம் தொடங்கப்பெற்றது முதல், சிற்றூர்களுக்கு அரசின் பணியைக் கொண்டு சேர்த்த ஊர்தி ஜீப்பேயாம். மழை பெய்து கரிசல் மண் குழைந்தால் மாட்டுவண்டியும் புதையும் பாதைகளில், அலுவலரையும் அவர்தம் பொருள்களையும் ஏற்றிக்கொண்டு அது சென்றது. எங்கள் வண்டியும் அப்பணி செய்தது என்பதற்கு அந்த ஐந்தெழுத்துகள் சான்றாயின. வண்ணம் பூசுவோர் அதனையும் தேய்த்துவிடத் தாளை எடுத்தார். என் தம்பி மகன் அவர் கையைப் பற்றித் தடுத்தான். வண்டி முழுவதும் புது வண்ணம் பெற்றது. அவ்வெழுத்துகள் இருக்கும் ஒரு சாண் இடம் மட்டும், நிறமற்ற பூச்சின் கீழ்ப் பழையபடியே உள்ளது. விடுபட்ட எழுத்துகளை எழுதி நிரப்பட்டுமா என்று வண்ணம் பூசுவோர் கேட்டார். “வேண்டாம், அழிந்தது அழிந்ததாகவே இருக்கட்டும்” என்றான். சாமிநாதையர் வரலாற்றை யான் மீண்டும் கூற வேண்டிய தேவை இருக்கவில்லை.

பதினான்கு திங்கள் கழித்து, பதிவு வேலைகளும் முடிந்தபின், பழுது பார்த்ததன் பயனைச் சோதிக்க, எங்கள் உறவினர் தோட்டத்துக்குச் சென்றோம். முன்னாள் மழையில் நனைந்த உழவு நிலம். பின்சக்கரங்கள் இரண்டும் சேற்றில் வீணே சுழன்றன. பெரியவர் நெம்புகோல் ஒன்றை மாற்றி வைத்தார். எஞ்சினின் ஆற்றல் முன்சக்கரங்களுக்கும் சென்றது. மற்றொரு நெம்புகோலையும் மாற்றி வைத்தார்; வேகம் குறைந்து, இழுக்கும் வலிமை ஏறத்தாழ இரண்டரை மடங்கு ஆயிற்று. வண்டி உறுமி, சேற்றை உதறி, மேட்டில் ஏறியது. தார்ச்சாலைக்கு வந்தவுடன் அவர் முன்சக்கர இணைப்பை விடுவித்தார். காரணம் கேட்டேன். “வளைவில் முன்சக்கரம் பின்சக்கரத்தைவிட நெடுந்தொலைவு செல்ல வேண்டும், ஐயா. சேற்றில் சக்கரம் வழுக்கி அந்த வேறுபாட்டைச் சரிசெய்துகொள்ளும். கெட்டியான சாலையில் வழுக்க இடமில்லை; இரண்டையும் கட்டிப்போட்டால் உள்ளே கியர் முறுக்கேறும்” என்றார். பள்ளியில் படியாதவர் கூறிய இவ்விளக்கம், பாடநூலில் இடம்பெறத் தக்கதன்றோ?

இப்பொழுது அத்தறிக்கூடத்தில் வேறு இரண்டு பழைய ஜீப்புகள் நிற்கின்றன. எங்கள் வண்டியைக் கண்ட பொள்ளாச்சிப் பக்கத்துத் தோட்டக்காரர்கள் அனுப்பியவை அவை. பெரியவர் காலையில் வருகிறார். என் தம்பி மகன் அவரிடம் தொழில் பயில்கிறான். தறி தந்த வருவாயை இத்தொழில் இன்னும் தரவில்லை. ஆயினும், நாற்பது ஆண்டுத் தொழில் அறிவு திண்ணையில் அமர்ந்து மறைந்துபோகாமல், ஓர் இளைஞன் கைக்கு மாறி வருகிறது. அதனை எடைபோட்டு வாங்கும் வணிகர் எவரும் இலர்.

பழையது என்னும் காரணத்தால் எல்லாம் போற்றத்தக்கன அல்ல; துருவேறிய தகட்டை நாங்களும் வெட்டியே எறிந்தோம். புதியது என்னும் காரணத்தால் எல்லாம் தள்ளத்தக்கனவும் அல்ல. புதுப் பிஸ்டனை நாங்களும் மகிழ்ந்தே ஏற்றோம். எதனைக் காப்பது, எதனை மாற்றுவது, எதனை வெற்றிடமாகவே விடுவது என்று தெளிதலே அறிவுடைமை. மாணவர்களே! உங்கள் வீட்டின் மூலையிலும் நின்றுபோன கடிகாரமோ, ஓடாத தையற்பொறியோ, பாட்டனார் வைத்துச் சென்ற ஏடோ கிடக்கலாம். அதனை எடைக்குப் போடுவதற்குமுன், அதனைப் பழுது பார்க்கத் தெரிந்தவர் ஒருவர் உங்கள் ஊரில் இன்னும் இருக்கின்றாரா என்று தேடுங்கள். இருப்பின், அவர் அருகில் அமர்ந்து, அவர் கை செய்வதைப் பாருங்கள்.